புது பேரிங் ஐந்தே வாரத்தில் ஏன் போனது?

போன வருடம் மே மாதம் முழுக்க எங்கள் புல்வெளியில் ஒரு கோடு இருந்துகொண்டே இருந்தது. புல் வெட்டும் வண்டி போன ஒவ்வொரு தடத்திலும், சரியாக நடுவில், இரண்டு விரல் அகலத்துக்குப் புல் மட்டும் மற்றதைவிட உயர்ந்து நிற்கும். வெட்டி முடித்துப் படியில் உட்கார்ந்து பார்த்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வகிடு எடுத்த மாதிரி வரிசையாகத் தெரியும். ஓஹையோவில் கொலம்பஸுக்கு வெளியே, முக்கால் ஏக்கர் புல்வெளி உள்ள வீடு. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை இங்கே மழையும் வெயிலும் மாறி மாறி வரும். ஐந்து நாளைக்கு ஒரு தடவை வெட்டாவிட்டால் புல் முழங்காலைத் தொட வந்துவிடும். அதனால் அந்தக் கோட்டை மாதத்துக்கு ஆறு தடவை பார்த்தேன். மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

எல்லோரும் சொல்கிற வேலைகள் எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தேன். பிளேடு இரண்டையும் கழற்றிச் சாணை பிடித்தேன். ஆணியில் தொங்கவிட்டு எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறதா என்று பார்த்தேன். பிளேடுகளை மேலிருந்து மூடித் தாங்கும் தட்டை டெக் என்பார்கள், அதன் இடது வலது உயரத்தை அளந்தேன். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இல்லை. முன்பக்கம் பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்து இருக்க வேண்டும், அதுவும் சரியாக இருந்தது. பெல்ட் ஓரம் பிசிறடித்திருந்ததால் புது பெல்ட் வாங்கிப் போட்டேன். கோடு அசையவில்லை.

அப்புறம் ஒரு நாள் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, டெக்கை வண்டியிலிருந்து பிரித்து வெளியே இழுத்துக் கவிழ்த்துப் போட்டேன். கனமான கையுறையோடு வலது பிளேடின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன். கல் மாதிரி நின்றது. இடது பிளேடு 'டக் டக்' என்று கால் அங்குலம் ஆடியது. கோட்டுக்குக் காரணம் அந்தக் கால் அங்குலம்தான். இரண்டு பிளேடும் ஒன்றையொன்று தொடாமல், ஒன்று கொஞ்சம் முன்னும் ஒன்று கொஞ்சம் பின்னுமாக நின்று, வெட்டும் தடங்கள் மட்டும் நடுவில் ஒன்றன் மேல் ஒன்று ஏறுகிற மாதிரித்தான் என் 42 அங்குல டெக் அமைந்திருக்கும். இடது பிளேடு அந்த இடத்தில் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது.

பிளேடு ஆடினால் ஸ்பிண்டில் போய்விட்டது என்று அர்த்தம். பிளேடைத் தாங்கும் ஒரு ஷாஃப்ட், அதைப் பிடித்திருக்கும் இரண்டு பேரிங், இவை உட்கார ஓர் அலுமினிய ஹவுசிங், மேலே பெல்ட் ஓடும் புல்லி. அவ்வளவுதான் ஸ்பிண்டில். இது நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் சுற்றும். பிளேடு நுனியின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்கப் பாதுகாப்புத் தரம் வரம்பு வைத்திருக்கிறது. மணிக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சுற்றும் இரும்புப் பட்டை ஒன்று என் கால்களுக்கு ஓர் அடி கீழே கால் அங்குலம் ஆடிக்கொண்டிருந்தது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

கடையில் கேட்டேன். முழு ஸ்பிண்டிலையும் மாற்றிவிடுங்கள், பேரிங் மட்டும் மாற்றுவதெல்லாம் இப்போது யாரும் செய்வதில்லை என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஷாஃப்ட் நேராக இருந்தது, ஹவுசிங்கில் ஒரு விரிசல் இல்லை. தேய்ந்தது பேரிங். பேரிங்கை மாற்றினால் போதும் என்று நினைத்தேன்.

6204

ஹவுசிங்கை டெக்கோடு பிடித்திருந்த நான்கு திருகுகளில் ஒன்று துருவேறித் தலை முறிந்தது. அதை எடுக்கவே ஒரு மாலை போனது. மற்றபடி கழற்றுவது எளிதுதான். பழைய பேரிங்கைத் துடைத்ததும் பக்கவாட்டில் எண் தெரிந்தது: 6204. அதைப் படித்ததும் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. அப்பா அங்கே ஒரு நூற்பு மில்லில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்தவர். ஊரில் யார் வீட்டு மோட்டார் சத்தம் போட்டாலும் திண்ணைக்கு வரும். ஒரு குதிரைத்திறன் மோட்டாரைப் பிரித்தால் உள்ளே இதே 6204 இருக்கும். கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால், அதை ஐந்தால் பெருக்கினால் துளையின் விட்டம் வரும், நாலஞ்சு இருபது என்று எனக்கு எட்டு வயதில் சொல்லிக்கொடுத்தார். உள்விட்டம் 20 மி.மீ, வெளிவிட்டம் 47, அகலம் 14. உலகத்தில் எந்த ஊர்க் கடையில் வாங்கினாலும் இதே அளவுதான். (எல்லா வண்டியிலும் இப்படி நம்பிவிட வேண்டாம். சில டெக்குகளில் 6203 மாதிரியே இருக்கும் ஒரு பேரிங் வரும், ஆனால் துளை 17 மி.மீ இல்லாமல் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்காக இருக்கும். எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் சேர்த்துப் படித்த பிறகே வாங்க வேண்டும்.)

நல்ல தயாரிப்பாகப் பார்த்து, இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்ட பேரிங் இரண்டு வாங்கினேன். தகர மூடி போட்டதும் கிடைக்கும், ஆனால் ஈரப்புல்லும் மண்ணும் பறக்கிற இடத்துக்கு அது சரிப்படாது. ராத்திரி முழுக்கப் பேரிங் இரண்டும் ஃப்ரீசரில், துருவிய தேங்காய்ப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இருந்தன. காலையில் ஹவுசிங்கைக் கை பொறுக்காத சூடு வரும்வரை ஹீட் கன்னால் காட்டினேன். சூட்டில் இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் குளிர்ந்த பேரிங்கை வைத்ததும் பாதி ஆழம் வரை தானாகவே வழுக்கிக்கொண்டு போனது. மீதிக்கு வெளி வளையத்தின் மேல் மட்டும் உட்காருகிற அளவுள்ள ஒரு சாக்கெட்டை வைத்துத் தட்டினேன். உள் வளையத்தில் அடித்தால் அந்த அடி இரண்டு வளையங்களுக்கும் நடுவே உள்ள குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் தடத்தில் தழும்பு விழும். இதெல்லாம் தெரிந்து, பொறுமையாகச் செய்த வேலை.

ஷாஃப்டைச் செருகி, புல்லியை வைத்து, மேல் நட்டை முடுக்கிவிட்டுக் கையால் சுற்றிப் பார்த்தேன். இறுக்கமாகச் சுற்றியது. புதுசு அப்படித்தான் இருக்கும், ரப்பர் மூடி பிடிக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ஆட்டம் துளிகூட இல்லை. அன்றைக்கு வெட்டியதில் நடுக்கோடு காணவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வந்து காட்டினேன்.

ஐந்து வாரம். ஏழு தடவை வெட்டியிருப்பேன். எட்டாவது தடவை பிளேடை ஓடவிட்டதும் கீழிருந்து ஒரு கீச்சொலி. கால் மணி நேரத்தில் எரிந்த கிரீஸ் வாடை. அணைத்துவிட்டுத் தொடாமல் கையைப் பக்கத்தில் கொண்டுபோனேன், இடது ஹவுசிங் அடுப்புக்கல் போலக் காந்தியது. பிரித்துப் பார்த்தால் குண்டுகள் வெளிர் நீலம் பூத்திருந்தன, கிரீஸ் கரியாகித் தூளாக உதிர்ந்தது. கடைக்காரர் சொன்னதுதான் சரியோ என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்பா கேட்ட ஒரே கேள்வி

மறுநாள் வீடியோவில் அப்பாவைக் கூப்பிட்டுப் பேரிங்கைக் காட்டினேன். ஸ்பிண்டில் என்று நான் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மில்லில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் என்ற எந்திரம் ஒன்றில் நானூறு ஐந்நூறு ஸ்பிண்டில் வரிசையாகச் சுற்றும். அவற்றின் நடுவே காலம் கழித்தவர். நீலம் பூத்த குண்டைக் கேமராவுக்குக் கிட்டக் கொண்டுவரச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நட்டை முடுக்கறதுக்கு முன்னாடி ஷாஃப்டைச் சுத்திப் பாத்தியா தாயி?"

"முடுக்கின பிறகு பாத்தேன்ப்பா. கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு."

"முன்னாடி?"

"பாக்கலப்பா."

"முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணு போலச் சுத்தணும். நட்டு முடுக்கின பிறகு இறுகுதுன்னா நடுவுல இருக்கறது குட்டையா இருக்கு. அந்தக் குழாயை அளந்து பாரு."

எந்தக் குழாய் என்று அவர் சொல்லவே தேவையில்லை. இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஷாஃப்டின் மேல் செருகியிருக்கும் ஒரு சின்ன இரும்புக் குழாய். ஸ்பேசர் என்பார்கள். பிரித்தபோது துடைத்து எடுத்து வைத்தேன், மாட்டும்போது திரும்பச் செருகினேன். அதை ஒரு பாகமாகவே நான் நினைக்கவில்லை. அது எதையும் சுற்றவைப்பதில்லை, எதையும் வெட்டுவதில்லை. ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும். அவ்வளவுதான்.

வெர்னியரை எடுத்து வந்தேன். ஹவுசிங்கின் முழு உயரத்திலிருந்து மேல் குழியின் ஆழத்தையும் கீழ்க் குழியின் ஆழத்தையும் கழித்தால், இரண்டு பேரிங்கும் உட்காரும் படிகளுக்கு நடுவே உள்ள தூரம் கிடைக்கும். மூன்று தடவை அளந்தேன், 38.0 மி.மீ. குழாயை அளந்தேன். 37.6. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வெளிச்சத்தில் திருப்பினால் இரண்டு முனையும் கண்ணாடி மாதிரி பளபளத்தது, ஓரத்தில் நகத்தில் மாட்டுகிற மாதிரி மெல்லிய பிசிறு ஒன்று மோதிரம் போலச் சுற்றிவர இருந்தது. இந்த வண்டி வீட்டோடு சேர்ந்து எங்களுக்கு வந்தது. எப்போதோ மேல் நட்டு தளர்ந்து, தளர்ந்தபடியே பல நாள் ஓடியிருக்க வேண்டும். குழாயோடு ஒட்டி நிற்க வேண்டிய உள் வளையம் அதன் மேல் உரசி உரசிச் சுற்றி, இந்தப் பளபளப்பை உண்டாக்கியிருக்கிறது.

இப்போது நட்டை முடுக்கும்போது என்ன நடக்கிறது என்று யோசித்தால் எல்லாம் விளங்கும். நட்டின் அழுத்தம் முழுதும் உள் வளையம், குழாய், மறு உள் வளையம் என்று நேர்கோட்டில் போக வேண்டும். அந்த வழியில் குண்டுகளுக்கு வேலையே இல்லை. குழாய் 0.4 மி.மீ குட்டையாக இருந்தால், உள் வளையங்கள் இரண்டும் குழாயைத் தொடுவதற்கு முன்பே ஒன்றை நோக்கி ஒன்று நகரும். வெளி வளையங்கள் ஹவுசிங்கின் படியில் உட்கார்ந்துவிட்டதால் அவை நகராது. நடுவில் மாட்டிக்கொள்வது குண்டுகள். என் ஸ்பேனரின் முழு பலமும் அந்தக் குண்டுகள் மேல். நான் புதுசின் இறுக்கம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டது அதைத்தான். புல் வெட்டும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பேரிங்குகள் பக்கவாட்டில் நசுங்கியபடியே சுற்றியிருக்கின்றன.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், பேரிங் மாற்றிக்கொண்டிருக்கும் யாராவது படித்தால் அந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்துவிட வேண்டும் என்பதுதான். நட்டை முடுக்குவதற்கு முன் விரலால் ஒரு சுற்று. முடுக்கிய பின் ஒரு சுற்று. வித்தியாசம் விரலுக்குத் தெரிந்தால் பேரிங்கைக் குறை சொல்லாமல் குழாயை அளங்கள்.

பட்டியலில் இல்லாத தேய்மானம்

பேரிங் செட் என்று விற்பதில் இரண்டு பேரிங் மட்டும் வருகிறது. குழாய் வருவதில்லை. என் வண்டியின் பாகப் படத்தில் அதற்குத் தனி எண் இருக்கிறது, விலையும் அதிகமில்லை. ஆனால் அதைத் தேய்கிற பொருளாக யாரும் சேர்ப்பதில்லை. பிளேடு, பெல்ட், பேரிங், புல்லி, தேய்கிறவை என்றால் இந்த நான்கையே நாம் எல்லோரும் சொல்கிறோம். குழாய் வருவதற்கு நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் கவிழ்ந்து கிடந்த டெக்கை வேறு கண்ணோடு பார்த்தேன். சுற்றாமல் நிற்கிற, தாங்குகிற, இடையில் இருக்கிற ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பார்த்தேன்.

முதலில் ஐட்லர் கை. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் புல்லி ஒரு தகரக் கையின் நுனியில் இருக்கும். அந்தக் கை புஷ் என்ற ஒரு சின்ன உருளை வளையத்தின் மேல் திரும்பும். புல்லியைத்தான் எப்போதும் சுற்றிப் பார்த்திருக்கிறேன், அது நன்றாகவே சுற்றியது. கையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் லொடலொட என்றது. புஷ் ஒரு பக்கமாகத் தின்னப்பட்டு முட்டை வடிவத்தில் இருந்தது. கை சாய்ந்தால் புல்லி சாயும், புல்லி சாய்ந்தால் பெல்ட் அதன் விளிம்பில் உரசும். மே மாதம் பிசிறடித்துப் போன பழைய பெல்ட்டைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தேன், எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும்தான் அரைபட்டிருந்தது, மறுபக்கம் புதுசு போல இருந்தது. நான் மாற்ற வேண்டியது சின்ன புஷ். மாற்றியது பெல்ட். புது பெல்ட்டிலும் அதே பக்கத்தில் நரை விழ ஆரம்பித்திருந்தது.

அடுத்தது டெக்கைத் தொங்கவிடும் இணைப்புகள். டெக்கிலிருக்கும் காதுகளில் துளை, துளையில் ஊசி, ஊசிக்கு ஒரு கிளிப். பின் இடது காதில் வட்டமாக இருக்க வேண்டிய துளை நீண்டு புளியங்கொட்டை மாதிரி ஆகியிருந்தது. சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தி மட்டம் பார்த்தபோது டெக் தன் எடையில் தொங்கி அழகாக மட்டத்தில் நின்றது. மேடு பள்ளத்தில் ஓடும்போது அந்தத் துளை நீளத்துக்கு ஏறி இறங்கியிருக்கும். நான் எட்டில் ஒரு பங்கு அங்குலக் கணக்குப் பார்த்து அளந்ததெல்லாம் அந்தத் துளையில் கரைந்து போயிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் வெல்டிங் இருந்தது. சரியான துளையுள்ள ஒரு தடித்த வாஷரைக் காதின் மேல் வைத்துச் சுற்றிலும் பற்ற வைத்துக் கொடுத்தார். பத்து நிமிட வேலை. முன் சக்கரத்தின் போல்ட் ஒன்றும் இதே மாதிரி பாதியாய்த் தேய்ந்திருந்தது, அதையும் மாற்றினேன்.

கிரீஸ் நிப்பிளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஹவுசிங்கின் பக்கத்தில் அழகாக ஒரு நிப்பிள் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் கிரீஸ் கன்னால் அடித்து, கடமை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். பிரித்துப் பார்த்தபோது, அடித்த கிரீஸ் எல்லாம் ஷாஃப்டைச் சுற்றி வெற்றிடத்தில் மெழுகு மாதிரி உறைந்து கிடந்தது. இரண்டு பக்கமும் மூடியுள்ள பேரிங்குக்குள் அது எப்படிப் போகும்? உள்பக்கம் பார்த்திருக்கும் மூடியை மட்டும் ஊசியால் நெம்பி எடுத்துவிட்டு மாட்டினால்தான் நிப்பிளில் அடிக்கும் கிரீஸ் குண்டுகளுக்குப் போய்ச் சேரும். வெளிப்பக்க மூடி அப்படியே இருக்கும், தூசியைத் தடுக்கும். இரண்டாம் தடவை அப்படித்தான் செய்தேன். டெக்கைக் கழுவத் தண்ணீர்க் குழாய் மாட்டும் வாயையும் இப்போது பயன்படுத்துவதில்லை. உள்ளே அப்பிக்கொண்ட புல்லை மரக்கட்டையால் சுரண்டி எடுக்கிறேன். பேரிங்குக்கு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்த பிறகு தண்ணீரைத் திறக்கக் கை வரவில்லை.

இரண்டாம் தடவை

குழாய் வந்த அன்றைக்கு முதலில் அதை அளந்தேன். 38.1. இந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமாக இருந்தால் கவலையில்லை, குறையத்தான் கூடாது. பேரிங் மறுபடியும் தேங்காய்க்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி. ஹவுசிங்குக்கு மறுபடியும் சூடு. ஷாஃப்டைச் செருகி, புல்லியை வைத்து, நட்டை விரலால் மட்டும் திருகி நிறுத்தினேன். போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்திருந்தேன். அப்பாவுக்கு அங்கே ராத்திரி எட்டு மணி, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். ஷாஃப்டை விரலால் தட்டிவிட்டேன். எண்ணெயில் ஓடுகிற மாதிரி சத்தமில்லாமல் இரண்டு சுற்று போய் நின்றது. அப்புறம் நட்டை மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கினேன். மறுபடி தட்டினேன். அதே இரண்டு சுற்று.

"சரி. வலது பக்கம்?" என்றார் அப்பா.

"அது நல்லாத்தான் இருக்குப்பா. ஆட்டமே இல்ல."

"போன தடவை இதுலயும் ஆட்டம் இல்லன்னுதான சொன்ன."

அடுத்த சனிக்கிழமை வலது பக்கத்தையும் கழற்றினேன். குழாய் 38.0, முனை இரண்டும் மங்கலாக, பிசிறு எதுவும் இல்லாமல் இருந்தது. துடைத்து அப்படியே திரும்ப மாட்டினேன். மறுநாள் காலை பனி காய்ந்த பிறகு முழு இடத்தையும் வெட்டிவிட்டு, தாழ்வான வெயிலில் தடங்களின் நடுவே குனிந்து பார்த்துக்கொண்டே கடைசி வரை நடந்தேன். அக்டோபர் வரை அந்தக் கோடு திரும்பவில்லை. இந்த ஏப்ரலில் டெக்கைக் கழற்றியபோது ஐட்லர் கையை அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. பெல்ட்டின் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் இருந்தது.